மரக்காதும் பன்னிரண்டு கேசட்டும்

லூய் ஹோய்-சுன்னுக்கு நாங்கள் வைத்த பெயர் மரக்காது. சூப்பில் கறுப்பாக, காது மடல் மாதிரியே சுருண்டு மிதக்குமே ஒரு காளான், அதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பாட்டுக் கேட்கிற கூட்டத்தில் அந்தப் பெயரை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் போகாது. ஒரே பாட்டை இரண்டு ஹெட்போன் ஒயரில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, எது நல்லது என்று கேட்பார்கள். ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு என்று சொல்கிற யோக்கியன் மரக்காது. இரண்டாவதில் வயலின் ஒரு அடி முன்னால் வந்து உட்காருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் பொன்காது. நான் இருபது வருஷம் பொன்காதுக்காரர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. வெளியே சொன்னதில்லை.

என் பெயர் தாம். ஷாம் ஷூய் போவில், அப்லியூ தெருவில், பழைய ஆடியோ சாமான்களை வாங்கி விற்கிற தட்டுக்கடை என்னுடையது. பழுதும் பார்ப்பேன். சிடி வந்தபோது ஜனங்கள் இசைத்தட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து என் கடையில் கொட்டினார்கள். கம்ப்யூட்டரில் பாட்டு வந்தபோது சிடியைக் கொட்டினார்கள். அப்புறம் மாதச் சந்தா கட்டிப் போனிலேயே கேட்க ஆரம்பித்தார்கள். அதுவும் அலுத்துப்போய், அவர்களே கொட்டிய இசைத்தட்டைத் தேடிக்கொண்டு அவர்களே திரும்பி வந்தார்கள், மூன்று மடங்கு விலைக்கு. நான் யாரையும் குறை சொன்னதில்லை. அவர்கள் கிறுக்கில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் குவுன் தோங்கில், ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் கூடுவோம். எட்டுப் பேர் சேர்ந்து வாடகை கட்டிய அறை. ஸ்பீக்கர் வைத்துக் கேட்க வீடு வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு வீடு என்பது ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்கிற இடமும்தான், சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு என்று சொல்லலாம். அதனால் எல்லோரும் ஹெட்போன்காரர்கள்.

அந்த அறைக்கு ராஜா மாக் சார். விமான நிலையச் சுங்கத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. முப்பது வருஷம் ஊரான் பெட்டியைத் திறந்து பார்த்த பழக்கத்தில், எவன் பொய் சொல்கிறான் என்று மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பார். அவர் ஒரு ஹெட்போனை நன்றாயிருக்கிறது என்று சொன்னால் அடுத்த திங்கள் என் கடையில் நாலு பேர் அதைக் கேட்டு வந்து நிற்பார்கள். அவர் மூக்கைச் சுளித்தால் அது தூசி படிந்து கிடக்கும். ஆகவே மாக் சார் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

மாக் சாரிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், கனம் அதிகம். சிடியை அதன் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் முப்பது வினாடி உறுமும். சிடியின் மேல் அச்சடித்த மையில் கண்ணுக்குத் தெரியாத காந்தம் ஏறியிருக்குமாம், அதை எடுத்துவிட்டால் பாட்டை மூடியிருக்கிற திரை விலகுமாம். பிளாஸ்டிக் தட்டில் காந்தம் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும். நாங்கள் கேட்கவில்லை. கோயிலில் நுழைந்ததும் ஊதுபத்தி ஏற்றுகிற மாதிரி அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பல் டாக்டர் பூன் ஒருநாள் தன் ஹெட்போன் ஒயரையும் அதில் வைத்து எடுத்தார். அடுத்த வாரம் எல்லோரும் வைத்தோம்.

லூய் இந்த இடத்துக்கு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அவருக்கு அப்போது அறுபது வயது. நாவ் தாவ் கொக்கில் ஒரு குடியிருப்பில் காவலாளி. அதற்கு முன் பதினோரு வருஷம் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. காவலாளிச் சட்டையோடே வந்து வாசலில் நின்றவரை என்ன வேண்டும் என்று கேட்டோம்.

"என் சம்சாரம் பிக்-ஹா போயிட்டா சார். நான் கப்பல்ல இருந்தப்போ அவ எனக்குக் கேசட்டுல பேசி அனுப்புவா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால. பன்னெண்டு கேசட் இருக்கு. அதைக் கேக்கணும். ஆனா எஞ்சின் ரூம்ல கெடந்து காது கொஞ்சம் மந்தம். நல்லாக் கேக்கறது எப்படின்னு உங்ககிட்ட கத்துக்கிட்டு, அப்புறமா கேக்கலாம்னு..."

மாக் சார் எங்களைப் பார்த்தார். "நீச்சல் கத்துக்கிட்டு அப்புறம் தண்ணியில எறங்கற ஆளு போல," என்றார். லூயிடம் திரும்பி, "யோவ், கேசட்டெல்லாம் குப்பைய்யா. என்கிட்ட இருந்த எரநூறையும் தூக்கி வீசிட்டேன். மொதல்ல நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கு. காதைப் பழக்கு. அந்தம்மா எங்கயும் எழுந்து போயிடப் போறதில்ல."

நாங்கள் சிரித்தோம். லூயும் கூடவே சிரித்தார், எதற்கு என்று தெரியாமல்.

அவர் வாங்கினார். ஒன்று மாற்றி ஒன்று, ஆறு வருஷத்தில் ஐந்து ஹெட்போன். எல்லாம் என் கடையில்தான். புது ஹெட்போனை இருநூறு மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் தலையில் மாட்ட வேண்டும் என்று மாக் சார் சொல்லியிருந்தார். லூய் அதைக் காவல் மேஜைக்கு அடியில் ஓடவிட்டு, வருகிறவர் போகிறவர் கையெழுத்துப் போடும் நோட்டில் ஓரமாக மணிக்கணக்குக் குறித்து வைத்தார்.

ஒருநாள் மாக் சார் எங்களுக்குக் கண் ஜாடை காட்டிவிட்டு, ஒயரை மாற்றுகிற மாதிரி பாவனை செய்தார். ஒன்றையும் மாற்றவில்லை. அதே பாட்டு, அதே ஒயர், இரண்டு தடவை. லூய்க்கு நெற்றியில் வியர்த்தது. போன வாரம்தான் ரெண்டும் ஒண்ணா இருக்கு என்று சொல்லி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது... கொஞ்சம் தெளிவா இருக்கு சார்."

அறையே அதிர்ந்தது. பூன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கோழியும் மரக்காது காளானும் போட்டு அவித்தது வந்திருந்தது. மாக் சார் குச்சியால் காளானை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி லூயின் கிண்ணத்தில் வைத்தார். "சாப்பிடுய்யா. சொந்தக்காரனைத் திங்கறோமேன்னு வருத்தப்படாதே." லூய் எல்லாவற்றையும் சாப்பிட்டார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றினேன். அதுதான் என் கருணையின் அளவு.

இப்படி ஆறு வருஷம். ஒரு மனிதனைப் பார்த்து உனக்குக் காதில்லை, காதில்லை என்று வாரா வாரம் சொன்னால் அவன் என்ன செய்வான்? லூய்க்குப் பேச்செல்லாம் நன்றாகவே கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் விழாது. ஆனால் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரை அறிவித்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் சரிதானா என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். கேசட்டை எப்போது கேட்கப் போகிறீர்கள் என்று நான் எப்போதாவது கேட்டால், "இன்னும் காது பழகல தம்பி," என்பார்.

போன வருஷம் கேசட் திரும்பி வந்தது. வங்கியில் வேலை பார்க்கிற ஐவி, இருபத்தாறு வயதுப் பெண், எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவள், ஒரு பாட்டுக் குழு கேசட்டில் மட்டும் வெளியிட்ட பாட்டுகளைக் கொண்டுவந்தாள். மாக் சார் முதல் வாரம் கேலி செய்தார். மூன்றாம் வாரம் அமைதியாகக் கேட்டார். ஐந்தாம் வாரம், "சிடியில எல்லாம் இருக்கு, உயிர் மட்டும் இல்ல," என்று எங்களுக்கே பாடம் எடுத்தார். நான் ஒரு பழைய ஜப்பான் கேசட் டெக்கைப் பெல்ட் மாற்றிச் சரிசெய்து அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

அதைப் பார்த்துத்தான் லூய்க்குத் தைரியம் வந்தது. அடுத்த சனிக்கிழமை தலைமுடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, எல்லோருக்கும் முட்டை டார்ட் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். கைக்குட்டையில் சுற்றி ஒரு கேசட். மேலே ஊதா மையில் பெண் கையெழுத்து.

"இதுதான் மொதோ கேசட். எம்பத்தஞ்சுல, கல்யாணம் ஆன நாலாவது மாசம் அனுப்பினா. ரோட்டர்டாம்ல கையில கெடச்சுது. மிச்சம் பதினொண்ணும் வீட்டுல இருக்கு."

"கடைசியா எப்பண்ணே கேட்டீங்க?" என்றேன்.

"கப்பலை விட்டு எறங்கினப்போ. தொண்ணூத்தாறுல. அப்புறம் அவதான் பக்கத்துலயே இருந்தாளே, கேசட் எதுக்கு?"

நான் திரும்பிக்கொண்டு டெக்கில் நாடா உரசிப் போகிற ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். பழைய நாடா, அழுக்கு ஒட்டக் கூடாது என்று கவனமாகத் துடைத்தேன். அப்போது எனக்குப் பின்னால் அந்த உறுமல் கேட்டது.

திரும்பினேன். கறுப்புப் பெட்டியின் மேல் கேசட். அதன் மேல் மாக் சாரின் கை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லூய் கையைக் கட்டிக்கொண்டு, தன் மனைவியின் கேசட்டுக்கும் இந்த மரியாதை கிடைக்கிறதே என்று நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட் என்றாலே காந்தம்தான். அந்தப் பழுப்பு நாடாவில் குரல் என்று இருப்பதெல்லாம் காந்தத்தால் எழுதிய எழுத்து. சிடிக்கு ஒரு பயனும் இல்லாத அந்தப் பெட்டி இதை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிடும். முதல் இரண்டு வினாடியிலேயே துடைத்திருக்கும். நாடாவில் பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்கு இது தெரியும். மீதி இருபத்தெட்டு வினாடியும் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாக் சார் கேசட்டைத் திருப்பி அடுத்த பக்கத்துக்கும் முப்பது வினாடி கொடுத்தார்.

டெக்கில் போட்டோம். ஸ்ஸ்ஸ் என்று வெறும் இரைச்சல். மாக் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார், சத்தத்தைக் கூட்டினார், நாடாவை முன்னால் ஓட்டினார். பிறகு அவர் பார்வை கறுப்புப் பெட்டியின் மேல் போய் நின்றது. முப்பது வருஷம் மற்றவர்களைப் பிடித்தவர் பிடிபட்டால் எப்படி இருப்பார் என்று அப்போது பார்த்தேன்.

"சார், அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"தாம், சும்மா இரு. கேட்டுட்டிருக்கேன்ல." கண்ணை மூடினார். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகத் தலையாட்டினார். "இருக்கு. ரொம்பப் பின்னாடி இருக்கு. பழைய நாடா இல்லையா, குரல் உள்ள போயிடுச்சு. பொம்பளைக் குரல். டாக்டர், நீங்க கேளுங்க."

பூன் கேட்டார். ஒயருக்கு ஒயர் வித்தியாசம் கேட்டுப் பழகிய காது, அதற்கு ஒரு பெண் குரலைக் கேட்பதா கஷ்டம்? "ஆமா சார். மெல்லிசா. எடது பக்கமா," என்றார். அவர் பொய் சொன்னாரா, உண்மையிலேயே கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து நான். மாக் சார் என்னையே பார்த்தார். இறந்துபோன ஒரு கண் டாக்டரின் ஆடியோ சாமான்கள் மொத்தத்தையும் எனக்கே வாங்கித் தருவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். ஹெட்போனுக்குள் மழை பெய்கிற மாதிரி இரைச்சல், வேறொன்றும் இல்லை.

"கேக்குது," என்றேன்.

ஐவி மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றினாள். "எனக்கு ஒண்ணுமே..."

"நீ போன்லயே பாட்டுக் கேட்டு வளர்ந்த பொண்ணு, ஐவி. உனக்கு எங்கருந்து கேக்கும்?"

அவள் மாக் சாரைப் பார்த்தாள், லூயைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு வேலை இருக்கு அங்கிள்," என்று போனவள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இந்த யோக்கியர்களுக்கு மட்டும் சரியான நேரத்தில் வேலை வந்துவிடுகிறது.

கடைசியாக லூய். ஒரு பக்கம் முழுக்க, அரை மணி நேரம், அசையாமல் உட்கார்ந்து கேட்டார். யாரும் டார்ட்டைத் தொடவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும்தான் கேக்கல, இல்ல?"

"உன் காது எஞ்சின் ரூம்லயே செத்துப்போச்சுய்யா," என்றார் மாக் சார். "அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

லூய் தலையை ஆட்டினார். "அவ என்ன சொல்றா டாக்டர்?"

பூன் தொண்டையைக் கனைத்தார். "வந்து... சாப்பிட்டியான்னு கேக்கறாங்க."

"ஆமா!" லூய் எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அப்படித்தான் ஆரம்பிப்பா! எல்லாக் கேசட்டும் அப்படித்தான் ஆரம்பிப்பா!"

எங்கள் ஊரில் பேச்சை வேறு எப்படித்தான் ஆரம்பிப்பார்கள்? ஆனால் அவர் பூனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் காவல் முறை முடிந்ததும் காலையில் நேராக என் கடைக்கு வர ஆரம்பித்தார். கேசட்டைக் கொடுப்பார். நான் ஒரு பிளேயரில் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று சொல்ல வேண்டும். தினமும் ஐந்து நிமிஷம். மழை விடவில்லை என்பேன், மீன் விலை ஏறிவிட்டது என்பேன், அம்மாவுக்குக் கால்வலி என்பேன்.

"அம்மாவுக்கா? கால்வலி அவ அத்தைக்குல்ல?"

"அத்தைன்னுதான் சொல்றாங்கண்ணே. எனக்குச் சரியா விழல."

"அதானே பார்த்தேன்," என்று திருப்தியாகத் தேநீரை உறிஞ்சுவார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. என் காதை யாரும் அவ்வளவு நம்பியதில்லை. நாளாக ஆகக் கை தேர்ந்துவிட்டது. கதவு சாத்துகிற சத்தம், அடுப்பில் கஞ்சி கொதிக்கிற சத்தம் எல்லாம் சேர்த்தேன். ஒருநாள் காலை, மெருகு போதவில்லை என்று தோன்றி, "பின்னாடி ஒரு குழந்தை அழுவுதுண்ணே," என்றேன்.

லூயின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. "குழந்தையா?"

"ஆமாண்ணே. கைக்குழந்தை."

"எங்க வீட்டுல ஏது தம்பி குழந்தை? எங்களுக்குக் கடைசி வரைக்கும் பொறக்கவே இல்லையே." கொஞ்ச நேரம் கேசட்டையே பார்த்தார். "கிட்டக்க கேக்குதா, தூரத்துலயா?"

பக்கத்து வீடு, தெரு, ரேடியோ என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கிட்டவா தூரமா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் இருபது வருஷமாக ஊறிப்போயிருந்தது. "கிட்டத்தான்," என்று சொல்லிவிட்டேன். அவர் கேசட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சனிக்கிழமை அறைக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. நேராக மாக் சாரிடம் போனார்.

"சார், அந்தக் குரலை இன்னும் தெளிவாக்க முடியுமா? எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்."

"ஒரு தடவை வெச்சா பத்தாது, பழைய நாடாவுக்கு நாலு தடவை வைக்கணும்." மாக் சார் அப்போது புது மாடல் பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். "என் பழைய பெட்டியை நீயே எடுத்துக்கோயேன். சல்லிசாத் தரேன்."

"மிச்சம் பதினொண்ணையும் இதுல வெச்சா அதெல்லாமும் தெளிவாயிடுமா சார்?"

பூன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக் சார் ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது. அந்தப் பதினொன்றும் என்றாவது ஒருநாள் நன்றாகப் பேசிவிட்டால், முதல் கேசட் ஏன் பேசவில்லை என்று லூய் கேட்பார். அந்தக் கணக்கை அவர் போட்டு முடிக்கிற வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பக்கமும் வைய்யா," என்றார். "நாலு தடவை. அவசரப்படாம."

லிப்டில் லூயோடு நானும் இறங்கினேன். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். ஒன்பது மாடி. அந்தப் பழைய லிப்ட் ஆடி அசைந்து இறங்க ஒரு நிமிஷம் ஆகும்.

"அண்ணே," என்றேன்.

"என்ன தம்பி?"

"பார்த்துப் போங்க. புயல் வருதாம்."

ஞாயிற்றுக்கிழமை கண் டாக்டர் வீட்டுச் சாமான் லாரியில் வந்தது. நாள் முழுக்க அதைப் பிரித்து அடுக்கினேன். அப்படி ஒரு சரக்கு என் வாழ்நாளில் என் கைக்கு வந்ததில்லை. ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் லூய்க்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தேன், அடுத்த பெட்டியைத் திறந்த பிறகு பண்ணலாம் என்று விட்டேன். திங்கள் விடியும்போது எட்டாம் எண் புயல் கொடி ஏற்றிவிட்டார்கள். கடை இல்லை, ரயில் இல்லை. ஜன்னலில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் கேசட் போய்விட்டது அண்ணே, நாங்கதான் அழிச்சோம், ஆனா பதினொண்ணு இருக்கு, அதை அந்தப் பெட்டிகிட்டயே கொண்டு போகாதீங்க. பன்னிரண்டில் பதினொன்று மிஞ்சும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் அந்தக் குரலைக் கேட்டுவிடுவார். அப்போதும் போனை எடுக்கவில்லை. இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய் காலையில் புறப்பட்டேன். அவர் வீடு இருந்த கட்டடத்தின் வாசலில் மரம் விழுந்து கிடந்தது. பதினெட்டாவது மாடி. கதவைத் திறந்தவரின் கண் சிவந்திருந்தது.

"தம்பி! நானே உன்னைத் தேடி வரணும்னு இருந்தேன். வா, வா."

ஒரே அறை. கட்டில் மேல் கேசட்டுகள் வரிசையாக இருந்தன. சுவரில் சிவப்பு மாடத்துக்கு மேலே ஒரு ஆணி மட்டும் இருந்தது, அதில் மாட்டியிருந்த படத்தைக் காணோம். கீழே ஊதுபத்திக் கிண்ணத்தில் பழைய சாம்பல்.

"அண்ணே, அந்தப் பெட்டியில கேசட்டை..."

"எல்லாம் ஆச்சு," என்றார். "நேத்து புயல்ல எனக்கு வேற என்ன வேலை? பதினொண்ணும். ரெண்டு பக்கமும் நாலு நாலு தடவை. மாக் சார் சொன்ன மாதிரியே அவசரப்படாம வெச்சேன். பெட்டி சூடாயிடும், ஆற விட்டு ஆற விட்டு வெச்சதுல காலையில ஆரம்பிச்சு, சாயங்காலம் ஆயிடுச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு கேசட்டின் மேலும் ஊதா மையில் துறைமுகத்தின் பெயர், தேதி. பக்கத்தில் லூய் பென்சிலால் நாலு கோடு போட்டிருந்தார்.

"எனக்குக் கேக்காதுன்னு தெரியும். போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல. நீதான் கேட்டுச் சொல்லணும். எல்லாம் சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்தக் குழந்தை யாருது தம்பி? ஆறு நாளாச் சோறு எறங்கல. அவ படத்தைப் பார்க்க முடியாம கழட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டேன். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் பண்ணியிருக்கேன்."

தன் கையாலேயே என் தலையில் ஹெட்போனை மாட்டினார். ஐந்தாவதாக வாங்கியது, நான் விற்றது. இரண்டாவது கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு என் முகத்துக்கு எதிரே குனிந்து நின்றார்.

உண்மையைச் சொன்னால் பிக்-ஹா மீதான பழி போய்விடும். கூடவே, அவள் பேசியதில் மிச்சமிருந்ததையெல்லாம் தன் கையாலேயே அழித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

"பக்கத்து வீட்டுக் குழந்தைண்ணே," என்றேன். "அவங்களே சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரி மார்க்கெட்டுக்குப் போயிருக்காளாம், குழந்தையை இவங்ககிட்ட விட்டுட்டு. விடாம அழுவுது, பேசவே விட மாட்டேங்குதுன்னு உங்ககிட்ட சலிச்சுக்கறாங்க."

லூய் அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, பாவி," என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை இழுத்து, சட்டை நுனியால் துடைத்து ஆணியில் மாட்டினார். ஊதுபத்தி ஏற்றி மூன்று தடவை குனிந்து கும்பிட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டியிருந்த என் தலையைத் தொட்டார்.

"இன்னும் பத்து இருக்கு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து கேட்டுச் சொல்றியா?"

"வரேண்ணே."

"அவ குரல் எப்படி இருக்கு தம்பி? எனக்கு மறந்துபோயிட்டே வருது."

படத்தைப் பார்த்தேன். வட்ட முகம், பல் தெரியாத சிரிப்பு. அந்த வாயிலிருந்து என்ன குரல் வந்திருக்கும் என்று நான் எங்கே கண்டேன்.

"நல்லா இருக்குண்ணே," என்றேன். "தெளிவா இருக்கு."